ஆடி முடிவதற்குள் வாஷிங் மெஷினா, தண்ணீர் சுத்திகரிப்பானா, கிரைண்டரா? வீட்டுக்குள் மூன்று கட்சிகள்

தையல்காரி

இந்த இணைய மன்றத்தில் எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவர் மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறார். மே மாதம் தொடங்கினால் ஆடி வரை அவருக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. அதற்குப் பிறகு வேலை இல்லாத மாதங்களும் வரும். அதனால் எங்கள் வீட்டில் பெரிய பொருள் எது வாங்கினாலும் ஆடியில்தான். இந்த ஆண்டு சீட்டும் எடுத்தோம். எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் கையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி கடைகளின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ்கள் தினமும் செய்தித்தாளுக்குள் மடித்து வருகின்றன.

எனக்கு வாஷிங் மெஷின் வேண்டும். ஐந்து பேர் துணியைக் கல்லில் துவைக்க நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் ஒரு ஜாக்கெட் தைத்து முடித்துவிடுவேன். கணவர், தண்ணீர் சுத்திகரிப்பான் வேண்டும் என்கிறார். போன மாதம் ஒரு விற்பனையாளர் வீட்டுக்கு வந்து, எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டினார். தண்ணீர் சாக்கடை போலப் பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து கணவர் சரியாகத் தண்ணீர் குடிப்பதே இல்லை. மாமியாருக்கோ கிரைண்டர். பழையதில் கல் ஆடுகிறது, மாவு நெருநெருவென்று இருக்கிறது என்கிறார்.

மூன்றும் சேர்த்து வாங்கப் பணம் போதாது. கடையில் தவணை தருகிறார்கள். கணவருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

எங்கள் பரணில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சப்பாத்தி போடும் மின்கருவி ஒன்று. அதில் அப்பளம்தான் வந்தது. பழச்சாறு பிழியும் கருவி ஒன்று. குடிக்க இரண்டு நிமிடம், கழுவ அரைமணி நேரம். ஒரு நடைப்பயிற்சி இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. அதனால்தான் இந்த முறை கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வந்திருக்கிறேன்.

ஓசூர் வாடகைக்காரன்

யோசிக்கவே வேண்டாம் அக்கா, முன்பக்கம் கதவுள்ள தானியங்கி மெஷின் வாங்குங்கள். மேலே திறக்கும் தானியங்கி ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். முன்கதவு மெஷினுக்கு அதில் பாதி போதும். துணியும் கிழியாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் எடுத்துக் காய வைத்துவிடலாம். திருமணமாகி நான்கு ஆண்டுகளில் நாங்கள் சண்டை போடாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

ஸ்பேனர்

தருமபுரியில் இருபது ஆண்டுகளாக இந்த மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். ஓசூர் தம்பி சொன்னது அடுக்குமாடி வீட்டுக்குச் சரி. அங்கே தொட்டி நான்காம் மாடிக்கு மேலே இருக்கும், குழாயில் வேகம் இருக்கும். தையல்காரித் தங்கச்சி, உங்கள் வீட்டைப் பற்றி நான்கு கேள்விகள்.

தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. தரைத்தளத்து மொட்டை மாடியில் தொட்டி வைத்திருந்தால் மெஷின் குழாய்க்குக் கிடைப்பது கால் பார்தான். பல தானியங்கி மெஷின்களுக்கு அது போதாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும், மெஷின் காத்திருந்து காத்திருந்து பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். வாடிக்கையாளர் எனக்குப் போன் செய்வார். நான் போய்ப் பார்த்தால் மெஷினில் குற்றமே இருக்காது.

தண்ணீர் தினமும் வருகிறதா, ஆழ்துளைக் கிணறா? போர் தண்ணீர் என்றால் உள்ளே ஏறும் குழாயின் வாயில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். நான் போகும் வீடுகளில் பத்தில் ஏழு, சல்லடை அடைத்துக்கொண்ட வீடுகள்தான்.

வீட்டில் எர்த் இருக்கிறதா? பிளக்கில் மூன்று ஓட்டை இருப்பதை வைத்து இருக்கிறது என்று சொல்லாதீர்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஈரத் தரையில், ஈரக் கையோடு தொடும் பொருள் இது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றை மின்பலகையில் பொருத்திவிட்டுப் பிறகு மெஷின் வாங்குங்கள். மெஷின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

நான்காவது, யார் துவைக்கப் போகிறீர்கள்? தானியங்கியின் பொத்தான்களைப் பார்த்து உங்கள் மாமியார் பயந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர் மறுபடியும் கல்லுக்குத்தான் போவார்.

கிரைண்டருக்குப் பணம் எடுத்து வைக்காதீர்கள். கல் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அடியில் தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருக்கும். சில நூறு ரூபாய் வேலை.

தையல்காரி

நன்றி அண்ணா. தொட்டி மொட்டை மாடியில், மூன்றடி மேடை மேல் இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். மற்றதெல்லாம் போர் தண்ணீர். எர்த் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கணவரிடம் கேட்டேன். "இருக்கும்" என்றார். அந்த 'இருக்கும்' எனக்குப் போதவில்லை.

பென்னாகரம் டீச்சர்

நான் வேதியியல் ஆசிரியை. அந்தக் கம்பி வித்தையைப் பற்றி மட்டும் முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் என் வகுப்பிலேயே இதைச் செய்து காட்டுவேன்.

அந்தக் கருவியில் ஒரு ஜோடிக் கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் பரவும். நீங்கள் பார்த்த பழுப்பு அந்தக் கம்பியிலிருந்து வந்தது, உங்கள் தண்ணீரிலிருந்து அல்ல. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், அதனால் பழுப்பாகும். அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட இல்லை, மின்சாரம் பாயவில்லை, நிறம் மாறவில்லை. நல்ல இளநீரில் அதே கம்பியை விட்டாலும் கலங்கத்தான் செய்யும். உங்கள் கணவரை இன்று ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் கவலையை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் காவி படியும். மிகவும் அதிகமானால் எலும்பையும் பாதிக்கும். என் வயதுக்காரர்களில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள்.

இரண்டு தவறுகளைப் பலர் செய்கிறார்கள். ஒன்று, கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைப்பது. போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும், ஃபுளோரைடு அதே அளவில் மீதித் தண்ணீரில் நிற்கும். அதாவது செறிவு கூடும். இன்னொன்று, பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை நம்புவது. அது மொத்த உப்பைக் காட்டுமே தவிர, எந்த உப்பு என்று பிரித்துச் சொல்லாது. அந்த டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பை நீக்கும் சுத்திகரிப்பான்) கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊரில் நிம்மதியாகிவிடவும் முடியாது, பயந்துவிடவும் முடியாது.

எனவே ஒரு காசும் செலவழிக்கும் முன், தெருக்குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவார்கள். தெருக்குழாய்த் தண்ணீர் நன்றாக இருந்தால் ஆர்.ஓ. எதற்கு? ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் கருவியை, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் வைப்பது கொஞ்சம் கனமான முடிவு.

குளிக்கவும் துவைக்கவும் ஃபுளோரைடு தடையில்லை. துணிக்கு எதிரி கடினத்தன்மை. அது வேறு, ஃபுளோரைடு வேறு. இரண்டையும் 'உப்புத் தண்ணீர்' என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், அவ்வளவுதான்.

ராகிக்களி

அறுபது கடந்தவன் நான், நல்லம்பள்ளிப் பக்கம். எல்லோரும் அறிவாகப் பேசுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். என் தாயார் ஏழு பேர் துணியை ஏரிக்கரையில் துவைத்தார். முதுகுவலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. ஒன்றரை மணி நேரத் துவையல் உடம்புக்குப் பயிற்சிதானே? நடைப்பயிற்சி இயந்திரத்தைப் பரணில் போட்டுவிட்டு வாஷிங் மெஷின் தேடுவது விந்தையாக இருக்கிறது.

அரூர் மருமகள்

ஐயா, வயதில் பெரியவர், மரியாதையோடு கேட்கிறேன். உங்கள் தாயார் சொன்னதில்லையா, உங்களிடம் சொன்னதில்லையா?

என் மாமியாரும் சொன்னதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தண்டுவடத்தில் தேய்மானம் என்று மருத்துவர் படம் எடுத்துக் காட்டிய அன்றுதான், முப்பது ஆண்டுகளாக இரவில் சுருண்டு படுப்பது வலியால் என்று எங்களுக்குத் தெரிந்தது. மாமனார் அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதார். மறுவாரம் மெஷின் வந்தது. அதற்குள் மாமியாரால் குனியவே முடியவில்லை.

தையல்காரி அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஜாக்கெட் தைத்துவிடுவேன் என்று கணக்குக் காட்டுகிறீர்கள். எதற்காக? உங்கள் கணவர் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு வருமானக் கணக்குக் காட்டினாரா? மாமியார் கிரைண்டருக்குக் காட்டினாரா? அந்த நேரத்தில் நீங்கள் தைக்காமல் சும்மா படுத்திருந்தாலும் மெஷின் தேவைதான்.

ராகிக்களி

அம்மா, பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். என் மனைவியிடம் கேட்டேன், "உனக்கு முதுகு வலிக்குமா" என்று. "இப்போதுதான் கேட்கத் தோன்றியதா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுப் பரண் கதை ஒன்று. மகன் போன வருடம் இண்டக்ஷன் அடுப்பு வாங்கி வந்தான். எங்கள் வீட்டில் இரவு களிதான், மாற்றம் கிடையாது. களிப் பானை அலுமினியம். அதை அந்த அடுப்பில் வைத்தால் 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. சரி என்று அடிப்பகுதி தட்டையான எவர்சில்வர் குண்டானை வாங்கினோம். களி கிளறுவது என்றால் தெரியுமே, பானையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு துடுப்பை முழு பலத்தோடு அழுத்தித் திருப்ப வேண்டும். கண்ணாடித் தட்டின் மேல் அதைச் செய்ய மனைவிக்குப் பயம். பானையைக் கீழே இறக்கிக் கிளறினால், சில நொடிகளில் அடுப்பு பானையைக் காணோம் என்று அணைந்துகொள்கிறது. இப்போது அதில் பால் மட்டும் காய்கிறது.

ஓசூர் வாடகைக்காரன்

ஐயா, காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இண்டக்ஷனில் வேலை செய்யும். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். எவர்சில்வரிலேயே ஒட்டாத வகை உண்டு. களிக்கு மட்டும் கேஸ் அடுப்பை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இழைக்காவலர்

களிப் பானைக்குத் தனி உரையாடல் இழை தொடங்கலாம். தொடங்கினால் நானும் வருகிறேன். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய இரும்புச் சட்டியைப் பழக்கிய கதை என்னிடமும் இருக்கிறது. இங்கே வாஷிங் மெஷினுக்குத் திரும்புவோம்.

மாங்கூழ்

இந்த இழைக்காகவே பதிவு செய்துகொண்டேன். தையல்காரியின் கணவர் நான். நேற்று இரவு வேலை முடிந்து வந்தபோது, படித்துப் பாருங்கள் என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள்.

டீச்சருக்கு முதலில் நன்றி. ஒரு சொம்பு குடித்துவிட்டேன்.

எர்த் இருக்கிறதா என்று கேட்டதற்கு 'இருக்கும்' என்றேன் அல்லவா, இன்று காலை மின்பணியாளரை அழைத்து வந்தேன். இல்லை. பதினோரு ஆண்டுகளாக ஃபிரிட்ஜும் மோட்டாரும் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன. எர்த்துக்காக மாமரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மெஷினுக்கு எதிரி அல்ல. எதிரி தவணைக்குத்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் 'வட்டியே இல்லை' என்று சொல்லி ஒரு போன் வாங்க வைத்தார்கள். செயல்முறைக் கட்டணம் என்று ஒன்று, ரொக்கமாக வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி போனது ஒன்று. அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லாத மாதத்தில் தவணை தவறியதற்கு வங்கி பிடித்தது ஒன்று. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். மாதச் சம்பளக்காரருக்குத் தவணை ஒத்துவரலாம். மாம்பழத்தை நம்பியிருப்பவனுக்கு ஒத்துவராது. ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் காய்ப்புக் குறையும் மரம் அது.

மின்கட்டணம் பற்றியும் எனக்கு ஒரு பயம். இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை இலவசம். 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முன்னால் எரித்த சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. நாங்கள் கோடையில் 440 வரை போகிறோம்.

ஸ்பேனர்

மாங்கூழ் அண்ணா, வாருங்கள். கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். மெஷினில் அதிகம் இழுப்பது தண்ணீரைச் சூடாக்கும் வேலை. சூடாக்காத மெஷின் வாரம் மூன்று முறை ஓடினால், இரண்டு மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் கூட ஆகாது. அந்த 440ஐக் குறைக்க வேண்டுமானால் மின்விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் உள்ள புதிய விசிறி முப்பதைச் சுற்றி. இரவும் பகலும் ஓடும் பொருள் அதுதானே.

நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்குத் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என இரண்டு தொட்டி உள்ள அரைத்தானியங்கி மெஷின்தான். கடைக்காரர் அதை ஒரு மூலையில் வைத்திருப்பார், லாபம் குறைவு, காட்டமாட்டார். கேட்டு வாங்குங்கள். குழாய் அழுத்தம் பற்றிய கவலையே இல்லை, வாளியில் ஊற்றினாலும் ஓடும். முதலில் பள்ளிச் சீருடை, அதே சோப்புத் தண்ணீரில் கலர் துணி, கடைசியில் ஆலைக்குப் போட்டுப் போகும் துணி என்று ஒரே தண்ணீரை மூன்று முறை ஓட்டலாம். தானியங்கி ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். ஈரத் துணியைக் கையால் எடுத்துப் பிழியும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். கூடவே நிற்க வேண்டும், போட்டுவிட்டுத் தூங்க முடியாது. குனிவது குறையும், ஒரேயடியாக நிற்காது. ஏழு கிலோ என்று எழுதியிருந்தால் அது உலர்ந்த துணியின் எடை. வாய் வரை திணிக்காதீர்கள்.

பென்னாகரம் டீச்சர்

கடின நீராக இருந்தால் தூளோடு கொஞ்சம் சலவைச் சோடா சேருங்கள். கால்சியத்தை அது பிரித்துவிடும், தூள் குறைவாகச் செலவாகும். கட்டிச் சோப்பு போடாதீர்கள். அந்தத் தண்ணீரில் அது நுரைக்காமல் தயிர் போலத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டை சாம்பலாவதற்கு அதுதான் காரணம்.

அரூர் மருமகள்

மாங்கூழ் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அரைத்தானியங்கி என்றால் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிறார் ஸ்பேனர் அண்ணா. யார்?

மாங்கூழ்

எதிர்பார்த்தேன் இந்தக் கேள்வியை. ஆலை ஓடும் மூன்று மாதம் என்னால் முடியாது, பொய் சொல்லமாட்டேன். மற்ற மாதங்களில் வாரத்தில் இரண்டு நாள் நான்.

தையல்காரி

இதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

தையல்காரி (பதினெட்டு நாட்களுக்குப் பிறகு)

என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்தது. தெருக்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 0.8. போர் தண்ணீரில் 1.9. ஆர்.ஓ. வாங்கவில்லை. அதற்குப் பதில் நூறு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டிரம் ஒன்று, அடியில் குழாய் வைத்தது, வாங்கினோம். மூன்று நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாய்த் தண்ணீர் அதில் நிற்கும். முன்பு குழாயில் வராத நாட்களில் சோறு வடிக்கப் போர் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே இந்தச் சோதனைச் சீட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கிரைண்டருக்கு பெல்ட்டும் புஷ்ஷும், 450 ரூபாய். மாமியார் முதல் மாவை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "பழைய கல் பழைய கல்தான்" என்றார். புதிது கேட்டவரே அவர்தான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

மெஷின் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வந்தது. அரைத்தானியங்கி, ஏழரை கிலோ, ரொக்கத்துக்கு 11,800. கடைக்காரர் முக்கால் மணி நேரம் தானியங்கியின் பெருமையைச் சொன்னார். கணவர் கடைசியில், "எங்கள் தொட்டி கால் பார்தான் தரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் மூலையைக் காட்டினார். வீட்டு வாசலில் கிடந்த இரண்டு கிரானைட் துண்டுகளை அடியில் வைத்து ஒரு சாண் உயர்த்தியிருக்கிறோம், எனக்கு இப்போது குனிய வேண்டியதே பாதிதான். எர்த்துக்கும் கசிவு துண்டிக்கும் கருவிக்கும் நினைத்ததை விடக் கூடவே ஆனது. மீதிப் பணம் வேலை இல்லாத மாதங்களுக்கு என்று தபால் நிலையத்தில் போட்டாயிற்று. கழுவிய தண்ணீர் முற்றம் கழுவப் போகிறது.

மாமியார் தன் இரண்டு புடவைகளை மட்டும் கல்லில்தான் துவைக்கிறார். மெஷின் புடவையை முறுக்கிவிடுமாம். கேட்டுப் பார்த்தோம், விட்டுவிட்டோம்.

ஆலை போன வாரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கணவர் முதன்முறையாக மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சீருடையைப் போட வேண்டிய முதல் தண்ணீரில் தன் ஆலைச் சட்டையைப் போட்டுவிட்டார். இப்போது பெண்ணின் வெள்ளைச் சட்டை நான்கில் மாம்பால் கறை, பழுப்பாகத் திட்டுத் திட்டாக. புதன்கிழமை சீருடை நாள். டீச்சர், இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பென்னாகரம் டீச்சர்

மாம்பாலில் எண்ணெயும் பிசினும் இருக்கிறது, தண்ணீர் மட்டும் அதைத் தொடாது. கறை மேல் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊற வைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பழைய கறை என்றால் இரண்டு மூன்று முறை ஆகும்.

மாங்கூழ்

தேய்த்துக்கொண்டிருக்கிறேன் டீச்சர். கல்லில்தான்.